கடைசி நாளும் ஞாயிற்றுக்கிழமையும்

உலகம் எப்படி முடியும் என்பதில் கருத்து வேறுபட்டவர்கள் ஒரே கோயிலில் ஒன்றாக முழந்தாளிடலாமா? கம்பம் பள்ளத்தாக்கில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் வளர்ந்தது தென்னிந்தியத் திருச்சபையில். அவர் மனைவியோ பெந்தெகொஸ்தே வீட்டுப் பெண். கர்த்தர் இரகசியமாக வந்து தம்மவர்களை எடுத்துக்கொள்வார், பிறகு ஏழாண்டு உபத்திரவம், அதன்பின் ஆயிர வருட அரசாட்சி என்று அந்த அம்மாளின் சபையில் வரிசைப்படுத்திப் போதிக்கிறார்கள். நண்பருக்கு அந்த வரிசையில் நம்பிக்கை இல்லை. குழந்தை பிறந்துவிட்டது, இனி ஒரே சபைக்குப் போகவேண்டும். எந்தச் சபை?

சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி அல்ல இது. நீதி என்றைக்கு வரும் என்பதில் மனச்சாட்சிக்கு விரோதமாகத் தலையாட்டுவது பொய்தான். வீட்டில் அமைதி நிலவுகிறது என்பதற்காக அது மெய்யாகிவிடாது.

ஆனால், எதற்குத் தலையாட்டச் சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் மற்றவர்களும் பழைய விசுவாசப் பிரமாணங்களை ஏற்று ஒன்றுபட்டார்கள். இராயப்பன்பட்டிக் கத்தோலிக்கர் சொல்லும் பிரமாணமும் அதுதான். கிறிஸ்து மறுபடி வருவார், நியாயந்தீர்ப்பார் என்கிறது அது. ஆயிர வருடத்துக்கு முன்பா, பின்பா என்ற கணக்கு அதில் இல்லை.

கணக்குப் போட்ட ஒருவரின் கதை மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. குமுளி ஏறி இறங்கினால் பழைய திருவிதாங்கூர் சீமை. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலிக்கக் குருவான யூஸ்தூஸ் யோசேப்பு 1875-ல் தனிச் சபை கண்டார். 1881-ல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். நம்பியவர்கள் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு வந்தது, போயிற்று. ஆனால் அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளை, அவர் குறித்த நாளை ஏற்காத சபைகளும் இன்றுவரை பாடுகின்றன. நாளை விட்டுவிட்டு ஏக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரியென்றே எனக்குப் படுகிறது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இது: அந்த வரிசையை ஒப்புக்கொண்டால்தான் உறுப்பினர் என்று ஒரு சபை சொல்லுமானால், அங்கே சேராதீர்கள். அப்படி இல்லையென்றால், முதல் நாளே போதகரிடம் உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். உங்கள் கோயிலையும் இதே தராசில் நிறுங்கள். அந்த அம்மாளின் எதிர்பார்ப்பைக் கேலி செய்கிற இடமாக அது இருந்தால், அங்கே கூப்பிடவும் உங்களுக்கு உரிமை இல்லை.

பிறகு, அந்த நம்பிக்கை மனிதர்களை என்ன செய்கிறது என்று பாருங்கள். இன்றிரவே கர்த்தர் வரலாம் என்று எண்ணி, ஏலக்காய்த் தோட்டத்துக் கூலியை இன்றைக்கே கொடுத்துவிடுகிறவரோடு எனக்கு வழக்கில்லை. அவர் நாள்கணக்கு தவறினாலும் கூலிக்கணக்கு சரியாக இருக்கும். ஆனால் பள்ளிவிட்டு வரும் பிள்ளை, வீட்டில் ஆளில்லாததைக் கண்டு, அம்மா எடுத்துக்கொள்ளப்பட்டாள், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று தெருவில் நின்று அழுமானால், அந்தப் போதனையை ஒருமுறை நிறுத்தி விசாரிக்கத்தான் வேண்டும். சபையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பெரியவர்கள். அதன் பயத்தையோ தைரியத்தையோ சுமந்து வளரப்போவது தொட்டிலில் கிடக்கும் அந்தக் குழந்தை.