ஐந்தாவது முறை

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணியில் கல்யாணம் இல்லாமலே மண்டபங்கள் நிரம்பும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமும் இதே கதைதான். பல குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்து பத்திரிகை அடித்து, கிடா வெட்டி, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடும். சாப்பிட்டு எழுந்தவர் மொய் எழுதிவிட்டுப் போவார். அந்தத் தொகை நோட்டில் ஏறும். பிறகு அவர் வீட்டில் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அதைத் திருப்பிச் செய்துவிட்டு மேலே கொஞ்சம் ‘புதுநடை’ என்ற புது மொய்யும் போடுவார். பத்திரம் கிடையாது, ஈடு கிடையாது, வட்டி கிடையாது. தென்னை வைக்கவும் கடை போடவும் பிள்ளையைப் படிக்க வைக்கவும் இந்தப் பக்கத்தில் முதல் திரண்டது பெரும்பாலும் இப்படித்தான். லட்சங்களும் சில விருந்துகளில் கோடிகளும் புரள்வதால், பணம் எண்ணும் இயந்திரமும் கணினியும் இப்போது பந்திக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டன.

இதில் பணம் கொடுக்கிறவர்தான் விருந்தாளி. வாங்குகிறவர் வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்கிறார், இலை பார்த்துக் கறி வைக்கிறார்.

அதே ஊரின் ஏடிஎம் வாசலில் முறை வேறு. ஏழைகளும் வங்கிக்குள் வரவேண்டும் என்று 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அடிப்படைச் சேமிப்புக் கணக்கைக் கொண்டுவந்தது. குறைந்தபட்ச இருப்பு வேண்டாம். ஏடிஎம் அட்டைக்குக் கட்டணம் இல்லை. 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கிய ஜன்தன் கணக்குகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். ஆனால் மாதத்தில் நான்கு முறைதான் இலவசமாகப் பணம் எடுக்கலாம். கிளையில் எடுப்பதும் இயந்திரத்தில் எடுப்பதும் சேர்த்துத்தான் இந்த நான்கு. ஐந்தாவது முறைக்கு 2021 ஜூலை முதல் பாரத ஸ்டேட் வங்கி வைத்த கட்டணம் 15 ரூபாய். ஜிஎஸ்டியோடு 17 ரூபாய் 70 காசு.

தொகை சிறியதுதான். அதற்குள் இருக்கும் கேள்வி சிறியதல்ல. ஒருவர் தன் பணத்தைத் தான் எடுக்கக் கூலி கொடுக்க வேண்டும் என்பது அறத்துக்கு அடுக்குமா?

சட்டத்தைக் கேட்டால் விசித்திரமான பதில் வரும். வங்கியில் போட்ட பணம் போட்டவருடையது அல்ல. அது வங்கியின் பணம், போட்டவருக்கு வங்கி கடன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 1848-இல் ஃபோலி - ஹில் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்த்துச் சொன்ன இந்தக் கொள்கையே இங்கும் வழங்குகிறது. அப்படியானால் நூறு நாள் வேலைக் கூலியைக் கணக்கில் விட்டுவைத்திருக்கும் பெண்மணிதான் கடன் கொடுத்தவர், வாங்கியது வங்கி. 2025 ஆகஸ்டு நிலவரப்படி 56 கோடி ஜன்தன் கணக்குகளில் கிடந்த பணம் சுமார் 2.67 லட்சம் கோடி ரூபாய். ஏழைகள் வங்கிகளுக்குக் கொடுத்திருக்கும் கடன் இது. மொய் விருந்தின் கணக்குப்படி வாசலில் நின்று கும்பிட வேண்டியவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை.

கடனையும் அறத்தையும் சேர்த்து நினைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலின் பொற்காசை ஊர்ச் சபைகள் கடனாக வாங்கி ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டி கட்டிய விவரம் இருக்கிறது. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள். அவற்றை மேய்ப்பவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். முதல் குறையக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். யார் எவ்வளவு தரவேண்டும் என்று ஊரறியக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கடன் கொடுத்தவரின் முதலில் கைவைத்து ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரு வரி எழுதும் வழக்கம் அந்தச் சுவர்களில் இல்லை.

பேராவூரணிக்குக் கிழக்கே மல்லிப்பட்டினம் கடற்கரைக்குப் போனால் வட்டியையே விலக்கும் இஸ்லாமிய மார்க்கத்தார் வாழ்கிறார்கள். விவிலியத்தின் உபாகமம் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது: ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவான். ஏழையின் தேவைக்கு ஒரு நேரம் உண்டு என்பதை அந்த விதி அறிந்திருக்கிறது. மாதத்துக்கு நான்கு என்ற எண் அதை அறியவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு நான்கு முறை தாராளம். கூலிக்காரருக்குத் தேவை துண்டு துண்டாக வரும்: இன்று மாத்திரை, நாளை பேருந்துக் காசு, மூன்றாம் நாள் அரிசி. ஆகவே கணக்கில் பணம் ஏறிய அன்றே மொத்தத்தையும் வழித்து எடுத்து வீட்டில் வைப்பதுதான் கட்டணத்திலிருந்து தப்பும் வழி. வீட்டில் வைத்த காசு தங்காது. சேமிக்கப் பழக்க வந்த கணக்கு, சேமிக்காதே என்று பழக்குகிறது.

இதைவிடக் கூர்மையான காட்சி 2016-இல் நடந்தது. பணமதிப்பிழப்புக்குப் பிறகு மற்றச் சேமிப்புக் கணக்குகளில் வாரத்துக்கு 24,000 ரூபாய் எடுக்கலாம் என்றிருந்தபோது, நவம்பர் இறுதியில் ஜன்தன் கணக்குக்கு மாதம் 10,000 என்று வரம்பு வந்தது. அப்பாவி விவசாயிகளைக் கறுப்புப் பணக்காரர்களிடமிருந்து காப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. அதற்குமேல் வேண்டுமென்றால் தேவை உண்மைதானா என்று கிளை மேலாளர் விசாரித்துத் தரலாம். டெல்டாவில் அது சம்பாப் பயிருக்கு உரம் போடும் பருவம். பிறர் செய்யக்கூடிய தவறுக்காக ஏழையின் கையைக் கட்டுவது காப்பாகாது. தன் பணத்துக்குத் தன் தேவையை நிரூபிக்கச் சொல்வது ஒரு மனிதரை மைனராக நடத்துவது.

வங்கிக்குச் செலவு இல்லையா என்றால், இருக்கிறது. வேறு வங்கியின் ஏடிஎம்மில் அட்டையைச் செருகினால், அட்டை கொடுத்த வங்கி ஒவ்வொரு முறையும் அந்த வங்கிக்குப் பணம் கட்டுகிறது; 2025 மே முதல் அது 19 ரூபாய். யாரோ சுமக்க வேண்டிய செலவுதான். ஆனால் நிறைய இருப்பு வைத்திருப்பவருக்குக் கட்டணத் தள்ளுபடிகள் கிடைக்கும் அமைப்பில், அந்தச் செலவை மிகக் குறைவாக வைத்திருப்பவரின் ஐந்தாவது தேவையில் ஏற்றுவது ஒரு தேர்வு. அது தவறான தேர்வு.

மொய்யைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனபின், திருப்பிச் செய்யவேண்டிய மொய் பல வீடுகளின் கழுத்தை நெரித்தது. எழுத வக்கில்லாதவருக்கு மொய் நோட்டில் இடமே கிடையாது. நிலமில்லாதவர், ஆளில்லாத விதவை, பிழைக்க வந்தவர் எல்லாரும் அந்த வட்டத்துக்கு வெளியேதான். வங்கிக் கணக்கு சாதி கேட்பதில்லை, பங்காளி யார் என்று கேட்பதில்லை. மொய்யால் சேர்த்துக்கொள்ள முடியாதவருக்கும் திறந்த கதவு அது. அதனால்தான் அந்தக் கதவில் சுங்கம் வைப்பது உறுத்துகிறது.

ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கை ‘குறைந்தது நான்கு முறை’ என்றுதான் சொன்னது. ஐந்தாவதையும் பத்தாவதையும் இலவசமாகத் தர எந்த வங்கிக்கும் தடையில்லை. கீழ் எல்லையாகச் சொன்னதை மேல் எல்லையாக்கியது வங்கிகள். 2025 ஏப்ரலில் இன்னொரு உத்தரவும் வந்தது: 2026 மார்ச் 31-க்குள் நூற்றில் தொண்ணூறு ஏடிஎம்களிலாவது நூறு அல்லது இருநூறு ரூபாய்த் தாள் வரவேண்டும். நல்ல உத்தரவு. 450 ரூபாய் இருப்பு உள்ளவர், ஐந்நூறு ரூபாய்த் தாள் மட்டும் தரும் இயந்திரத்தின் முன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது. ஆனால் நூறு நூறாக எடுக்க முடிந்தால் எடுக்கும் தடவைகளும் கூடும். நான்கு என்ற எண்ணைத் தொடாமல் தாளை மட்டும் மாற்றினால், ஐந்தாவது நூறு ரூபாயை எடுக்கும்போது கணக்கில் 117 ரூபாய் 70 காசு குறையும்.