கல்லுக்கு அடுத்த கல்

இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் தேவாலயத்தின் கோபுரம் ரோமானியச் செங்கலால் ஆனது, கட்டியவர்களோ நார்மானியர்கள். 1077-இல் வேலை தொடங்கியபோது, பக்கத்திலிருந்த வெருலாமியம் என்ற ரோமானிய நகரம் பாழாகிச் சில நூற்றாண்டுகள் ஓடியிருந்தன. ரோமானியர் போனபின் அந்தத் தீவில் செங்கல் சுடும் தொழிலே ஏறக்குறைய நின்றுவிட்டது. அதனால் அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த துறவிகள் மடத்தின் முந்தைய தலைவர்களே இடிபாடுகளைத் தோண்டிக் கல் சேர்த்து வைத்திருந்தார்கள் என்று மடத்து வரலாறு சொல்கிறது.

பழைய கல்லை இப்படி மீண்டும் எடுக்க முடிந்ததற்குக் காரணம் சுண்ணாம்பு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டை நம் ஊரில் இடிக்கும்போது பார்த்திருப்பீர்கள். கடப்பாரையால் நெம்பினால் கல் கல்லாகப் பிரிந்து வரும். ஒட்டியிருப்பதைத் தட்டிச் சுரண்டி அடுக்கிவிடலாம். கெட்டியான சிமெண்டுச் சாந்து அப்படி விட்டுக்கொடுக்காது. கல் உடையும், பிடி விடாது. மிஞ்சுவது பள்ளம் நிரப்பத்தான் ஆகும். சூளையில் ஒருமுறை எரிந்த விறகு அதோடு வீண். பிடியின் இறுக்கத்தையே வலிமை என்று பழகிவிட்ட நமக்கு, விட்டுக்கொடுக்கும் சாந்து பலவீனமாகத் தெரிகிறது.

இதோடு நிறுத்தினால் அழகான பாடம்தான். ஆனால் சிந்துவெளி நகரமான ஹரப்பா குறுக்கே நிற்கிறது.

அங்கே சுட்ட செங்கற்களைப் பெரும்பாலும் களிமண் சாந்தில்தான் வைத்திருந்தார்கள். உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற கணக்கில் வார்த்த கற்கள். நாலாயிரம் ஆண்டுக்குப் பிறகும் கெடாதவை. லாகூர்–முல்தான் ரயில் பாதை போட்டவர்களுக்குத் தண்டவாளத்தடியில் கொட்டக் கல் வேண்டியிருந்தது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் அங்கே 1853-இலும் 1856-இலும் பார்த்த சுவர்கள், 1870-களில் அவர் திரும்பி வந்தபோது இல்லை. சுமார் 100 மைல் பாதைக்குப் போதுமான கல் அங்கிருந்து போயிருந்தது என்று எழுதினார். அது எவ்வளவு பழைய நாகரிகம் என்று தொல்லியலாளர் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924-இல்தான்.

துறவிகளைப் புகழ்ந்துவிட்டு ரயில்காரர்களை மட்டும் ஏசுவது நியாயமில்லை. துறவிகளும் ஒரு நகரத்தைத்தான் பிரித்தெடுத்தார்கள். கோபுரத்தில் ஏறிய கல் கல்லாகவே இருந்தது என்பது ஒரு வித்தியாசம், அவ்வளவே. இரண்டு இடத்திலும் போனது ஒன்றுதான். ஒரு செங்கல்லைக் கையில் எடுத்தால் அதன் அளவு தெரியும், சூட்டின் பக்குவம் தெரியும், சில சமயம் வார்த்தவர் விரல்கூடத் தெரியும். அது கிணற்றில் இருந்ததா, அடுப்படியில் இருந்ததா, பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் பொதுச்சுவரா என்பது அதில் இல்லை. ஊர் என்பது எந்தக் கல்லுக்கு அடுத்து எந்தக் கல் என்பதில் இருந்தது. அந்த அடுத்தடுத்த இருப்பைக் காத்து நின்றது, நாம் மட்டமாக நினைக்கும் அந்த மண் சாந்து.

சிமெண்டு இறுக்கமாகப் பிடித்தும் இடிபடும் நாளில் இரண்டையும் இழக்கிறது: கல்லும் தேறாது, வரிசையும் தேறாது. ஆகவே சுண்ணாம்புக்குத் திரும்புவது நல்லதுதான், பாதிதான் நல்லது. பழைய வீட்டை இடிக்கக் கொடுக்கும்போது கல்லுக்கும் நிலைக்கதவுக்கும் தேக்கு உத்திரத்துக்கும் விலை பேசுகிறோம். முற்றம் எங்கே, அடுப்படி எந்த மூலை, எந்தச் சுவர் பின்னால் சேர்த்தது என்று அதற்கு முன் ஒரு தாளில் வரைந்துவைக்க அரை நாள் போதும். அந்தத் தாளை யாரும் விலைக்குக் கேட்பதில்லை என்பதால்தான் யாரும் வரைவதில்லை.