நூறு டாலரும் நானூற்று எழுபத்தாறு ரூபாயும்

நோட்பேடில் தட்டச்சு செய்த பேரேடுதான் எளிய எழுத்துக் கணக்கு. தேதி, விவரம், கணக்கின் பெயர், தொகை, வேறொன்றும் கிடையாது. ஜான் வீக்லி 2003இல் வெளியிட்ட லெட்ஜர், அதன் வழியில் வந்த எச்லெட்ஜர், பீன்கவுண்ட் ஆகிய நிரல்கள் அந்தக் கோப்பைப் படித்து ஐந்தொகை போட்டுத் தரும். எந்தப் பதிவைக் கூட்டினாலும் சுழியம் வர வேண்டும். இரண்டு நாணயம் கலக்கும்போதுதான் இந்த விதி இடறும்.

மணலி புதுநகரில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அண்ணனுக்குக் கப்பலில் டாலர் சம்பளம், தம்பிக்கு டீமேட் கணக்கு என்று இருக்கும் வீடுகள் உண்டு. பக்கத்து மணலியில், 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கி இன்று சிபிசிஎல் என்று நடக்கும் நிறுவனம் கச்சா எண்ணெய்க்கு டாலர் கொடுத்து, பெட்ரோலை ரூபாய்க்கு விற்கிறது. கீழே வரும் உரையாடலில் குரு ஓய்வுபெற்ற கணக்காளர். சீடன் கப்பல்காரர் ஒருவரின் தம்பி.

சீடன்: சார், 476 ரூபாய் கொடுத்து 100 டாலர் வாங்கியதாக எழுதினேன். நிரல் ஏற்றுக்கொண்டது. ஆனால் மொத்தம் கேட்டால் 100 டாலரும் கழித்தல் 476 ரூபாயும் நிற்கின்றன. சுழியம் எங்கே?

குரு: விலையை வைத்துப் பெருக்கி, இரண்டும் சமம் என்று நிரல் எடுத்துக்கொண்டது. அந்தச் சமம் வாங்கிய நேரத்துக்கு மட்டும்தான். நடுவில் வாணிகக் கணக்கு ஒன்றைத் திற.

அவர் எழுதிக் காட்டியது:

1966-05-10 டாலர் வாங்கியது
  கையிருப்பு:டாலர்   100 டாலர்
  வாணிகம்:டாலர்   -100 டாலர்
  வாணிகம்:ரூபாய்   476 ரூபாய்
  கையிருப்பு:ரூபாய்   -476 ரூபாய்

டாலரைத் தனியாகக் கூட்டினால் சுழியம். ரூபாயைக் கூட்டினாலும் சுழியம். கனடாவில் கணிதப் பேராசிரியராக உள்ள பீட்டர் செலிங்கர் இந்த முறையை விரிவாக விளக்கி எழுதியிருக்கிறார்.

சீடன்: ஏன் 1966?

குரு: அந்த ஆண்டு ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 4.76இலிருந்து ஒரே நாளில் 7.50 ஆனது. அன்று தனியாள் டாலர் வைத்துக்கொள்வது எளிதல்ல, கணக்குக்காகச் சொல்கிறேன். புது விலையை ஒரு வரியில் எழுதி, வாணிகக் கணக்கை ரூபாயில் மதிப்பிடு.

சீடன்: டாலர் பக்கம் கழித்தல் 750, ரூபாய்ப் பக்கம் கூட்டல் 476. மீதி கழித்தல் 274.

குரு: இங்கே கழித்தல் என்றால் வரவு. 274 ரூபாய் லாபம்.

சீடன்: அன்று எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை. பெட்டியில் அதே 100 டாலர். பிறகு லாபம் எங்கிருந்து வந்தது?

குரு: பெட்டிக்குள் தேடாதே. அளவுகோல் மாறியிருக்கிறது. டாலரில் கணக்கு வைப்பவனுக்கு அன்று ஒன்றுமே நடக்கவில்லை. 100 டாலர் கடன் வைத்திருந்தவனுக்கு அதே 274 நட்டம்.

பங்குக்கும் இதே வழிதான். பங்கையும் ஒரு நாணயமாக எண்ணினால் போதும். சீடன் ஒரு கணக்குப் போட்டான்: 100 ரூபாய் வீதம் 10 பங்கு, பிறகு 140 வீதம் 10 பங்கு; அதில் 5ஐ 160க்கு விற்றாயிற்று. வாணிகக் கணக்கில் கழித்தல் 15 பங்கு, கூட்டல் 1,600 ரூபாய். 160 விலையில் மதிப்பிட்டால் மொத்த லாபம் 800.

சீடன்: இதில் கைக்கு வந்தது எவ்வளவு?

குரு: வாணிகக் கணக்குக்கு அது தெரியாது. எந்த ஐந்தை விற்றாய் என்று எங்கே எழுதினாய்?

முதலில் வாங்கியதை விற்றதாகக் கொண்டால் கைக்கு வந்தது 300, காகிதத்தில் நிற்பது 500. சராசரி விலை என்றால் 200, 600. நிரலைப் பொறுத்தவரை இரண்டும் சரி. வருமான வரிக்கு அப்படி அல்ல. டீமேட் பங்குகளில் முதலில் வந்ததே முதலில் போனதாகக் கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதனால் பங்கு வாங்கும் ஒவ்வொரு வரியிலும் வாங்கிய தேதியையும் விலையையும் சேர்த்தே எழுத வேண்டும்.