காமகுராவில் ஒரு கல்

ஜப்பானிய அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரோடு வருடக்கணக்கில் வேலை செய்தாலும் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது தெரியாமலே போகலாம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடமே ஊர், சொந்தம், கலியாணம் எல்லாம் விசாரித்து முடித்துவிடும் யாழ்ப்பாணத்து ஆளான எனக்கு அது பழகப் பல காலம் எடுத்தது. ஆகவே 2010இல், ஓய்வுபெறவிருந்த எங்கள் பிரிவின் மூத்தவர், "ஞாயிறு காமகுரா போவோமா? உங்கள் நாட்டோடு தொடர்புள்ள ஒன்றைக் காட்ட வேண்டும்" என்று கேட்டபோது மனம் நிறைந்துபோனது.

டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பிறகு எனோடென் என்ற சின்ன ரயில். 1902இல் ஓடத் தொடங்கியது. வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டியே போகும். கொடியில் காயும் உடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் ஆடும். ஹாசேயில் இறங்கி நடந்தால் கோதோகு-இன் கோயில். 13ஆம் நூற்றாண்டின் வெண்கலப் புத்தர், 11 மீற்றருக்கு மேல் உயரம். அவரைச் சுற்றியிருந்த மண்டபம் இயற்கைச் சீற்றத்தில் அழிந்த பிறகு 500 வருடங்களுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் இருக்கிறார்.

புத்தரைக் கும்பிட்டதும் மூத்தவர் என்னை ஒரு நினைவுக் கல்லின் முன் கூட்டிப்போய் நிறுத்தினார். ஜே. ஆர். ஜெயவர்த்தனாவுக்காக 1991இல் வைத்த கல். 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், இலங்கையின் நிதியமைச்சராக அவர் பேசினார். 1942இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டிருந்தன. அப்படியிருந்தும், பகை அன்பினால்தான் ஆறும் என்ற புத்தரின் போதனையைச் சொல்லி, இலங்கை நட்டஈடு கேட்காது என்று அறிவித்தார். தோற்று ஒடுங்கிக் கிடந்த நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய சொல்! என் தோழர் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். போருக்குப் போய்த் திரும்பிய தகப்பன் இந்தப் பேச்சைப் பற்றிச் சொல்லித்தான் தன்னை வளர்த்தார் என்றார்.

நான் அந்தப் பெயரைச் சிறுவயதில் கேட்டது 1983 ஜூலையோடு சேர்த்து. கொழும்பில் தமிழரின் வீடும் கடையும் எரிந்த அந்த நாட்களில் ஜனாதிபதியாக இருந்தவரும் இவரே.

என்ன செய்வது? ஒரு மனிதர் தன் வீட்டின் நன்றியை எடுத்து என் கையில் தருகிறார். அதில் என் துக்கத்தை ஏற்றிவைக்க எனக்கு உரிமை இருக்கிறதா? பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தால் விருந்தாளிக்குரிய மரியாதை காப்பாற்றப்படும். வெளிநாட்டு வாழ்க்கையில் நாங்கள் அதைத்தான் அதிகம் செய்கிறோம். எங்களைப் பற்றி மற்றவர் நினைத்திருப்பதையே வசதிக்காக ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அவர் கூட்டி வந்தது என்னை. நான் யாரென்று தெரியாமலே அவர் வீடு திரும்பினால் அந்தப் பயணத்துக்குப் பொருள் இல்லை. கல்லின் முன் மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அது அவருடைய இடம்.

மத்தியானம் கடற்கரைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் சோற்றின் மேல் வெள்ளை மீன்குஞ்சு பரப்பிய ஷிராசுக் கோப்பை வந்தது. அங்கேதான் சொன்னேன். சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எத்தனை பேர் செத்தார்கள் என்றார். அரசு சொன்னது சில நூறு, தமிழர் சொல்வது 3,000 வரை என்றேன்.

"நான் அங்கே குனிந்தது உங்களை நோகச் செய்ததா?"

இல்லை என்றேன், உண்மையாகவே சொன்னேன். 1951இன் கடன் உண்மையானது, அவர் அதை மறக்கக் கூடாது. 1983உம் உண்மையானது. ஒன்றை வைத்து மற்றதைக் கழித்துக் கணக்கு முடிக்க நான் அவரிடம் கேட்கவில்லை. நான் கேட்டதெல்லாம் அவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே.

அவர் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் தகப்பன் மலாயாவில் இருந்தவர். அங்கே என்ன செய்தார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை" என்றார். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழர்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றார். டோக்கியோ திரும்பும் ரயிலில் அதைத்தான் கதைத்துக்கொண்டு வந்தோம்.