பழி ஓரிடம், பங்கு பலரிடம்

சீடன்: ஐயா, ஒரு நாட்டின் வரலாற்றில் தீராப் பழிக்கு ஆளானவரை எப்படி மதிப்பிடுவது? பிரான்சின் மார்ஷல் பிலிப் பெத்தானைப் பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. முதல் உலகப்போரில், 1916இல் வெர்தனைக் காத்த தளபதி அவர். 1940 அக்டோபரில் மொந்துவார் ரயில் நிலையத்தில் ஹிட்லரோடு கைகுலுக்கியவரும் அவரே. செய்த நன்மையையும் செய்த தீமையையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும்?

குரு: தராசை எடுத்ததுமே வழக்கு கோணிவிடுகிறது. இரண்டு தட்டில் வைக்கிறாய் என்றால், வைப்பவை ஒன்றோடொன்று ஒட்டாதவை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டாய். பெத்தான் விஷயத்தில் அவை ஒட்டியே இருக்கின்றன. 1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிசுக்குள் நுழைந்துவிட்டது. அரசாங்கம் போர்தோ நகருக்கு ஓடியிருந்தது. அந்த வேளையில் 84 வயது முதியவரிடம் பிரதமர் பதவியைக் கொடுத்தார்களே, எதை நம்பிக் கொடுத்தார்கள்? வெர்தனின் பெயரை நம்பித்தான். 1917இல் படைகளில் கலகம் மூண்டபோது சிப்பாய்களுக்கு விடுப்பும் நல்ல உணவும் கொடுத்து, பயனற்ற தாக்குதல்களை நிறுத்தியவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. சிப்பாயின் உயிரை மதித்த தளபதி நாட்டின் உயிரையும் காப்பார் என்று மக்கள் நினைத்தார்கள். அந்த நம்பிக்கைதான் ஜூன் 22இல் கையெழுத்தான போர்நிறுத்தத்தைத் தோல்வியாக அல்லாமல் விவேகமாகக் காட்டியது. ஜூலை 10 அன்று விஷி நகரின் கேளிக்கை மாளிகையில் இரு அவைகளும் கூடி, புதிய அரசியல் சாசனம் எழுதும் முழு அதிகாரத்தையும் அவரிடம் ஒப்படைத்தபோது ஆதரவாக 569 பேர் வாக்களித்தார்கள்; எதிர்த்தவர்கள் 80 பேர். ஆகவே வெர்தனை அவருடைய குற்றத்துக்கு ஈடாகக் கழிக்க முடியாது. அந்தக் குற்றத்தைச் செய்ய முடிந்ததே வெர்தனின் புகழால்தான். இன்னொன்றையும் குறித்துக்கொள்: அந்த 569 பேரும் மக்கள் தேர்ந்தெடுத்த அவைகளின் உறுப்பினர்கள். அவர்களிடம் பிறகு வருவோம்.

சீடன்: அவர் தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டாமா? 1945இல் நீதிமன்றத்தில் நின்றபோது, வாளாக இருக்க முடியாத நிலையில் மக்களுக்குக் கேடயமாக இருந்தேன் என்ற பொருள்படத்தானே பேசினார்? 1954இல் ரொபேர் ஆரோன் எழுதிய, விஷி என்றே அழைக்கப்பட்ட பெத்தான் ஆட்சியின் வரலாறும் அந்தக் கருத்துக்கு இடம் கொடுத்தது. பிரான்சிலிருந்த யூதர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் உயிர் தப்பினார்கள். நெதர்லாந்தில் அதே அளவுப் பங்கினர் மாண்டார்கள். கேடயம் ஓரளவுக்காவது தாங்கியது என்றுதானே இதற்குப் பொருள்?

குரு: பரபக்கத்தை நன்றாகச் சொன்னாய், எதிர்வாதத்தை வலுவாக நிறுத்திய பிறகு மறுப்பதே முறை. கேடயம் என்றால் விழும் அடியைத் தடுக்க வேண்டும். யாரும் ஓங்காத அடியை அது தானே கொடுத்தால் அதற்கு வேறு பெயர். 1940 அக்டோபர் 3ஆம் தேதியிட்ட சட்டம் யூதர்களை அரசுப் பணி, ஆசிரியத் தொழில், பத்திரிகை, திரைப்படம் ஆகியவற்றிலிருந்து விலக்கியது. அதைக் கொண்டுவரும்படி ஜெர்மானியர் விஷியைக் கட்டாயப்படுத்தவில்லை. 1972இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டன் ஜெர்மானிய ஆவணங்களைக் கொண்டு எழுதிய நூல், ஒத்துழைப்பைத் தேடிப் போனது விஷிதான் என்று நிறுவியது. 2010இல் அந்தச் சட்டத்தின் வரைவு ஒன்று வெளிவந்தது. பல தலைமுறைகளாகப் பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்த யூதக் குடும்பங்களுக்கு அதில் விலக்கு இருந்தது. பெத்தானின் கையெழுத்து அந்த விலக்கை அடித்துவிட்டிருந்தது.

உயிர் தப்பியவர்களின் கணக்குக்கு வருவோம். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸ் வட்டாரத்தில் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ். அவர்களில் 4,000க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். குடும்பங்களை மிதிவண்டிப் பந்தய அரங்கொன்றில் அடைத்தார்கள். பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் பெற்றோரோடு அனுப்பலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் பெத்தானின் அரசாங்கத் தலைவர் லவால். ஆகஸ்டில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. தென்பகுதியில் அப்போது ஜெர்மானியப் படை இல்லை, நவம்பரில்தான் நுழைந்தது. அங்கிருந்தும் ஏறக்குறைய 10,000 வெளிநாட்டு யூதர்களைத் திரட்டி ஒப்படைத்தார்கள். அதே ஆகஸ்டில் துலூஸ் பேராயர் சாலியேஜ், யூதர்களும் மனிதர்கள்தாம் என்று அறிவிக்கும் கடிதத்தைத் தம் ஆலயங்களில் வாசிக்கச் செய்தார். மற்ற ஆயர்கள் சிலரும் குரல் கொடுத்தார்கள். பொதுமக்களின் முகச்சுளிப்பை உணர்ந்த பிறகே விஷி வேகத்தைக் குறைத்தது. வீட்டிலும் பண்ணையிலும் மடத்திலும் பிள்ளைகளை ஒளித்து வைத்தவர்கள் ஏராளம். தப்பியவர்களில் பலர் அரசை மீறித் தப்பியவர்கள். மீறியவர்களின் புண்ணியத்தை அரசின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. பிரான்சிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் சுமார் 76,000 பேர். உயிரோடு திரும்பியவர்கள் ஏறக்குறைய 2,500 பேர்.

சீடன்: அப்படியானால் தீர்ப்பு சரி. 1945 ஆகஸ்டில் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். முதுமை கருதி, போர்க்காலத்தில் விஷியை எதிர்த்து நின்று பின் இடைக்கால அரசின் தலைவரான டி கோல் அதை ஆயுள் சிறையாகக் குறைத்தார். 1951இல் யூ தீவில் கைதியாகவே இறந்தார். துரோகி தண்டிக்கப்பட்டுவிட்டார். இனி விவாதிக்க என்ன இருக்கிறது?

குரு: என் வாதமே இங்கேதான் தொடங்குகிறது. பெத்தான் குற்றவாளி என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரைக் குற்றவாளியாக்கியதன் நிழலில் யார் யார் ஒதுங்கிக்கொண்டார்கள் என்று பார். விசாரணைக்குத் தலைமை வகித்த நீதிபதி மோஞ்சிபோ, 1941இல் அதே பெத்தானுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நாட்டின் நீதிபதிகள் எல்லோரும் எடுத்தார்கள். மறுத்தவர் போல் திதியே என்ற ஒரே ஒருவர். மூன்று வாரம் நடந்த அந்த விசாரணை முக்கியமாகக் கேட்ட கேள்வி, எதிரியோடு சேர்ந்து நாட்டைக் காட்டிக்கொடுத்தாரா என்பது. குடிமக்களையும் அடைக்கலம் தேடி வந்தவர்களையும் சொந்த அரசாங்கமே பட்டியலிட்டுப் பிடித்துக் கொடுத்த கதை ஓரத்தில்தான் வந்தது. ஏன்? காட்டிக்கொடுப்பது சிலர் செய்யும் குற்றம். பட்டியலிடுவதற்கோ எழுத்தர் வேண்டும், அச்சகம் வேண்டும், காவலர் வேண்டும், பேருந்து வேண்டும், ரயில் வேண்டும், கையொப்பமிட அதிகாரி வேண்டும். அதை விசாரித்தால் கூண்டு போதாது.

அந்தப் போலீசை நடத்திய ரெனே பூஸ்கேயின் கதையைப் பார். 1942 ஜூலைக் கைதுகளுக்காக ஜெர்மானிய எஸ்எஸ் தலைமையோடு பேசி முடித்தவர் அவர். 1949இல் அவருக்குக் கிடைத்தது ஐந்தாண்டுக் குடிமை உரிமைகள் இழப்பு. எதிர்ப்பியக்கத்துக்கு உதவினார் என்று சொல்லி அதையும் அங்கேயே நீக்கிவிட்டார்கள். பிறகு வங்கித் துறையில் உயர்ந்தார். மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்காக 1991இல்தான் அவர்மீது வழக்குப் பதிவானது. விசாரணைக்கு முன்பே 1993இல் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். மோரிஸ் பப்போன் போர்தோ நகரில் மாவட்ட நிர்வாகத்தின் பொதுச் செயலாளராக இருந்து யூதர்களை ரயிலேற்றும் ஆணைகளில் கையொப்பமிட்டவர். அவர் 1958இல் பாரிஸ் போலீஸ் தலைவரானார். 1978இல் வரவுசெலவுத் துறை அமைச்சரானார். 1998இல்தான் தண்டனை பெற்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைச் சுமந்தவரிடமும் பாவம் இருந்தது. ஆனால் பழி அவரிடம் நின்றுவிட்டது. பாவம் அலுவலகங்களில் பதவி உயர்வு பெற்றுக்கொண்டிருந்தது.

சீடன்: இதில் ஆபத்து இருக்கிறது, ஐயா. எல்லோருக்கும் பங்குண்டு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாதா? பெத்தானுடைய வழக்கறிஞர்களே விரும்பக்கூடிய வாதமல்லவா இது?

குரு: பொறுப்பு என்பது பாகப்பிரிவினைச் சொத்தல்ல. பத்துப் பேர் சேர்ந்து ஒருவனைக் கொன்றால் ஒவ்வொருவனும் பத்தில் ஒரு கொலை செய்ததாக எந்த நீதிமன்றமும் சொல்வதில்லை. பூஸ்கேயின் குற்றம் கூடுவதால் பெத்தானின் குற்றம் குறையாது. அதே சமயம் எல்லோருடைய குற்றமும் ஒரே அளவு என்றும் நான் சொல்லவில்லை. யாருக்கு மறுக்க எவ்வளவு இடம் இருந்தது, மறுத்தால் என்ன விலை கொடுக்க நேர்ந்திருக்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். பாரிஸ் தெருவில் நின்ற காவலர் இழக்கக்கூடியது வேலை, குடும்பத்தின் சோறு. முன்கூட்டியே ரகசியமாக எச்சரித்துச் சிலரைத் தப்பவைத்த காவலர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் வை. வேறு வழியே இல்லை என்பது மேலே இருந்தவர்களின் வாயில் மிகவும் பலவீனமான சாக்கு. 1940 ஆகஸ்டில் சாட் பிரதேசத்தின் ஆளுநர் ஃபெலிக்ஸ் எபூவே விஷியை உதறிவிட்டு டி கோலோடு சேர்ந்தார். அடிமைகளின் வழிவந்த கறுப்பினத்தவர் அவர். செப்டம்பரில் நம் புதுச்சேரியின் ஆளுநர் லூயி போன்வானும் அதையே செய்தார்.

சீடன்: புதுச்சேரியைச் சுற்றிலும் ஆங்கிலேயர் ஆட்சி. போன்வானுக்கு அது நெஞ்சுரம் என்பதைவிட நெருக்கடி அல்லவா?

குரு: உண்மை. ஆங்கிலேயர் வழி விடாவிட்டால் அரிசிகூட வந்து சேராத நிலப்பகுதி அது. அதனால்தான் எபூவேயை முதலில் சொன்னேன். சூழல் எல்லோரையும் நெருக்கியது. ஆனால் எல்லோரையும் ஒரே திசையில் தள்ளவில்லை. ஜூலை 10இல் எதிர்த்த 80 பேரும் மற்ற 569 பேர் இருந்த அதே மண்டபத்தில்தான் இருந்தார்கள். அதே தோல்விச் செய்தியைத்தான் கேட்டிருந்தார்கள்.

சீடன்: இன்னொரு தடை. 1944இல் பிரான்ஸ் சிதறிக் கிடந்தது. விஷியின் சட்டங்கள் செல்லாதவை, குடியரசு ஒருநாளும் அழியவில்லை என்று டி கோல் அறிவித்தார். நாடே எதிர்த்து நின்றது, ஒரு சிறு கும்பல்தான் துரோகம் செய்தது என்ற கதையில்லாமல் நாடு எழுந்து நின்றிருக்குமா? பழியை ஒருவர் தலையில் கட்டியது அரசியல் மருந்து என்று கொள்ளக்கூடாதா?

குரு: இதுவே கடினமான தடை. போர் முடிந்த மறுநாளே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி விசாரித்திருந்தால் உள்நாட்டுப் போர் மூண்டிருக்கலாம். சில ஆண்டு மௌனத்துக்கு நியாயம் உண்டு என்றே ஒப்புக்கொள்கிறேன். அது பழக்கமாக இறுகியதுதான் கேடு. 1969இல் வெளியான ‘துயரமும் இரக்கமும்’ என்ற ஆவணப்படம், ஒரே ஊரில் பணிந்தவர்களையும் எதிர்த்தவர்களையும் பேசவைத்தது. பிரெஞ்சுத் தொலைக்காட்சி அதை 1981 வரை காட்டவில்லை. மௌனத்தின் விலையை இன்னொரு இடத்தில் பார். 1961 அக்டோபர் 17 இரவு, ஊரடங்கை எதிர்த்துப் பாரிசில் ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைப் போலீஸ் அடித்துக் கொன்று செய்ன் நதியில் வீசியது. அந்தப் போலீசின் தலைவர் பப்போன். 1945இல் அவருடைய கோப்பை யாராவது ஒழுங்காகத் திறந்து பார்த்திருந்தால் 1961இல் அந்த நாற்காலியில் அவர் இருந்திருக்க மாட்டார். ஒருவர் தலையில் கட்டிய பழி பழைய காயத்தை மூடியதோடு நிற்கவில்லை. அடுத்த காயத்துக்கு ஆளையும் தயாராக வைத்திருந்தது.

சீடன்: 1995 ஜூலையில் குடியரசுத் தலைவர் சிராக், ஆக்கிரமிப்பாளனின் வெறிக்குப் பிரெஞ்சு அரசே துணைபோனது என்று ஒப்புக்கொண்டார். அதனால் பெத்தானின் இடம் மாறியதா? 2018இல் முதல் உலகப்போர் நினைவு விழாவையொட்டி, அந்தப் போரில் பெத்தான் பெரிய வீரர் என்று குடியரசுத் தலைவர் மக்ரோன் சொன்னதும் எதிர்ப்பு கிளம்பியதே. எதிர்த்தவர்கள் வரலாற்றை மறைக்கச் சொன்னார்களா?

குரு: சிராக்கின் பேச்சால் பெத்தானின் பழியில் ஓர் அணுவும் குறையவில்லை. கூடியது என்றே சொல்லலாம். தனிமனிதரின் முதுமைத் தடுமாற்றமாகப் பார்க்கப்பட்டது, ஓர் ஆட்சியை இயக்கியவரின் செயலாகத் தெரிய ஆரம்பித்தது. பாரிஸ் பள்ளிச் சுவர்களில் இன்று பலகைகள் இருக்கின்றன. அங்கே படித்த யூதப் பிள்ளைகள் அனுப்பப்பட்டதில் விஷி அரசாங்கத்தின் பங்கை அவை வெளிப்படையாகச் சொல்கின்றன. 2018 சர்ச்சையில் இரண்டு வேறு காரியங்களைக் கலந்துவிட்டார்கள். பதிவு செய்வது வேறு, போற்றுவது வேறு. வெர்தனில் பெத்தான் இருந்தார் என்பது பதிவு. அதை மறைக்கும் பாடநூல் பொய் சொல்கிறது. விழாவில் அவருக்கு மரியாதை செய்வது போற்றுதல்; போற்றுதல் முழு மனிதருக்கும் சேரும், அதில் 1916ஐ மட்டும் வெட்டி எடுக்க முடியாது. எதிர்த்தவர்கள் மறுத்தது இந்த இரண்டாவதைத்தான்.

ஆகவே, தம்பி, எந்த நாட்டிலும் பெரும்பழி பூண்ட ஒரு பெயர் வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகு. அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தது யார்? அவருடைய கையெழுத்தைச் செயலாக்கியவை யாருடைய கைகள்? அவரைத் திட்டுவதால் இன்று யாருக்கு நிம்மதி? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகும் அவர் குற்றவாளியாகவே நிற்கலாம், பெத்தான் நிற்கிறார். ஆனால் அப்போது தீர்ப்பு முழுமையாக இருக்கும். அடுத்த முறை ஓர் ஆணை மேசைக்கு வரும்போது, பழி போய்ச் சேர மேலே ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் எந்த அதிகாரியும் கையொப்பமிட மாட்டார். ஒரு நாடு தன் துரோகிகளைப் படிப்பதன் பயன் அதுதான்.