கூட்டு மனையும் பணி நிறுவனமும்

தொடர்மாடியில் வீட்டுக் கதவின் உட்புறம் ஒருவர்க்கு உரியது. வெளியே உள்ள படிக்கட்டு அனைவர்க்கும் உரியது. அங்கு வாழ்வோரிடையே எழும் அறச்சிக்கல்கள் பெரும்பாலும் இவ்வெல்லையிலேயே பிறக்கின்றன. வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் தனி மனைகள் நின்ற நிலங்களில் இன்று தொடர்மாடிகள் எழுந்துள்ளன. நீர்த்தாங்கி, மின்தூக்கி, கூரை, கழிவுநீர்க் குழாய் ஆகிய பொதுவுடைமைகளைப் பேணும் பணியை ஊதியம் பெறும் நிறுவனமொன்றிடம் ஒப்புவிக்கும் வழக்கமும் உண்டு. பணியை ஒப்புவிக்கலாம், பொறுப்பையும் அவ்வாறு ஒப்புவித்தல் கூடுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதன உரிமைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இத்தகைய உடைமையை நெறிப்படுத்துகின்றன. அவற்றின்படி வீட்டுரிமையாளர் அனைவரும் முகாமைக் கூட்டுத்தாபனமொன்றின் உறுப்பினராவர். தத்தம் பங்கிற்கேற்பப் பணம் செலுத்துதல் அவர்தம் கடன். அதே ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பொது வசதிகள் சபையை நிறுவியது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அச்சபை கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையாயிற்று. முகாமைக் கூட்டுத்தாபனம் சட்டத்தின் நோக்கிற் கூட்டுறவுச் சங்கமன்று. எனினும் பலர் கூடிப் பொதுவானதைப் பேணுதலின் இயல்பாற் கூட்டுறவேயாம்.

பணி நிறுவனத்தை நாடுவோர் கூறும் நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அயலவரிடம் அயலவர் பணம் கேட்குமிடத்துப் பகை விளைகின்றது. கணக்கெழுதுவோர்மீது ஐயமும் எழுகின்றது. நிறுவனத்தாரோ தொழில் அறிந்தவர். விருப்பு வெறுப்பு அற்றவர்.

ஆயின், இருவர் மாதக் கட்டணத்தைச் செலுத்தத் தவறினர் எனக் கொள்வோம். ஒருவர் வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர். மற்றவர் உழைப்பவர் நோயுற்றமையால் வருவாய் இழந்த குடும்பத்தவர். நிறுவனத்தின் ஏட்டில் இருவரும் நிலுவையாளரே. அதனைக் குறையெனக் கூறலாகாது. பிறர் பணத்தைக் கொண்டு இரக்கங்காட்ட நிறுவனத்துக்கு உரிமையில்லை. தவணை கொடுக்கவும் தள்ளிவிடவும் உரிமையுடையோர் அப்பணத்துக்கு உரிய உறுப்பினரே. அவர்கள் அத்தீர்மானத்தையும் நிறுவனத்திடம் விட்டுவிடின், விளைவது நடுநிலையன்று. தீர்மானிப்பார் எவருமின்றியே ஒரு குடும்பத்தின் வாழ்வு தீர்மானிக்கப்படுகின்றது.

மற்றொரு சிக்கலும் உண்டு. வெள்ளவத்தையில் உரிமையாளர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்க, வாடகைக் குடிகள் வாழும் வீடுகள் பல. நீரிறைக்கும் பொறி பழுதுற்றால் இடர்ப்படுவோர் குடிகள். வாக்குரிமையோ உரிமையாளரிடம் உள்ளது. வாக்கு இல்லாவிடினும், குடிகளின் சொல் கூட்டத்திற் கேட்கப்படல் வேண்டும். உடைமையால் மட்டுமன்றி, உடன்வாழ்வதாலும் கடப்பாடு பிறக்கின்றது.

நிறுவனத்தின் துணையும் உறுப்பினரின் பொறுப்பும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல என்பதற்குத் தென்னமெரிக்க நாடாகிய உருகுவே சான்றாகும். அங்கு 1968ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களோடு அவற்றுக்கு உதவும் தொழில்நுட்ப நிறுவனங்களையும் ஏற்றுக்கொண்டது. கட்டடம், சட்டம், நிதி ஆகியவற்றில் ஆலோசனை கூறுதலோடு கூட்டுறவுக் கல்வியளித்தலும் அவற்றின் பணியாயிற்று. இலாப நோக்கு அவற்றுக்கு விலக்கப்பட்டது. தீர்மானிக்கும் அதிகாரம் உறுப்பினர் பேரவையிடமே இருந்தது.

நமது தொடர்மாடிகளுக்கும் இந்நெறி பொருந்தும். நிறுவனம் பொறியைப் பழுதுபார்க்கட்டும், கட்டணத்தைத் திரட்டட்டும், உறுப்பினர் எவரும் விளங்கிக்கொள்ளும் வகையிற் கணக்கை ஒப்புவிக்கட்டும். ஒருவர்மீது நடவடிக்கை எடுக்கும் முன்னர் அவர்தம் நிலையைக் கூட்டத்தின் முன் வைப்பதும் அதன் கடமையாதல் வேண்டும். அக்கூட்டத்துக்குச் செல்வது நமது கடமை. வள்ளுவர் ஒப்புரவுக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வொப்புரவு ஊதியங்கொடுத்துப் பிறரைக்கொண்டு செய்விக்கும் பணிகளுள் ஒன்றன்று.