சோதனை வாயிலும் வடிகட்டிய நீரும்

மனிதரை மனிதர் ஐயுறுதல் அறமாகுமா என்னும் வினா இந்நாளில் நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. விமான நிலையத்திலும், மெட்ரோ ரயில் நிலையத்திலும், பெரிய வணிக வளாகத்திலும், கேளிக்கைப் பூங்காவிலும் உள்ளே வருவோரின் பையைத் திறந்து பார்க்கின்றனர். உடலைத் தடவிச் சோதிக்கின்றனர். எறும்புக்கும் தீங்கு எண்ணாத மரபில் வந்த நம்மிடம் கொலைக்கருவி தேடுவது முறையா என்று பெரியவர்கள் சிலர் மனம் வருந்துகின்றனர். உயிர் பெரிதா, மானம் பெரிதா என்று இளைஞர்கள் எதிர்வினா தொடுக்கின்றனர். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஒரு பொருளைப் பல நோக்கில் காணப் பழகிய நாம், இதனையும் அவ்வாறே ஆராய்தல் தகும்.

வடபழனியில் வாழ்வோர்க்கு இது தொலைவில் உள்ள செய்தியன்று. 2015-ஆம் ஆண்டு இங்கு மெட்ரோ நிலையம் திறக்கப்பட்ட நாள்முதல், அலுவலகம் செல்வோரும் காய்கறிப் பையுடன் வருவோரும் நாள்தோறும் தத்தம் பைகளை ஊடுகதிர்ப் பெட்டியில் இட்டு எடுத்தே செல்கின்றனர். ஆலந்தூரில் வண்டி மாறினால் மீனம்பாக்கம் விமான நிலையத்தையே அடைந்துவிடலாம். அங்கு நிகழும் சோதனை இன்னும் கடுமையானது. அக்கடுமை ஏன் வந்தது என்பதற்கு விடையும் அந்த மீனம்பாக்கத்திலேயே இருக்கின்றது.

1984-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் இரவு, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தாயகம் திரும்பக் காத்திருந்த இலங்கைப் பயணிகள். கொழும்பு செல்லும் விமானத்துக்கென்று பெட்டிகளை ஒப்படைத்தவன் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் மட்டும் நிலையத்தில் தங்கின. குண்டு இருக்கின்றது என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும், அவை உரிய நேரத்தில் அப்புறப்படுத்தப்படவில்லை. ஓராண்டு நிறைவதற்குள், 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக் கடற்பரப்பின் மேல் சிதறி 329 பேர் உயிரிழந்தனர். அங்கும் பெட்டி ஏறியது. பெட்டிக்கு உரியவன் ஏறவில்லை.

நம் நாட்டில் விமானப் பாதுகாப்புக்கென ஒரு பிரிவு, 1976-இல் நிகழ்ந்த விமானக் கடத்தல் ஒன்றை ஆராய்ந்த பாண்டே குழுவின் பரிந்துரைப்படி, 1978-இல் அமைந்தது. கனிஷ்கா துயரத்தின் பின் 1987 ஏப்ரலில் அது தனித்துறை ஆயிற்று. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட பின்னர், 2000-ஆம் ஆண்டு தொடங்கி மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை விமான நிலையங்களின் காவலை ஏற்றது. பெட்டியை ஒப்படைத்த பயணி ஏறாவிடில் அப்பெட்டியையும் இறக்கிவிட வேண்டும் என்னும் விதியும் இத்தகைய துயரங்களின் படிப்பினையே. வாயிலில் நாம் காணும் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒரு மயானம் இருக்கின்றது என்பதை மறத்தலாகாது.

எனினும், துயரம் நிகழ்ந்தது என்பதனால் மட்டும் எல்லாரையும் ஐயுறுதல் அறமாகிவிடாது. ஆகவே வினாவைச் சற்றுக் கூர்மையாக்குவோம். சோதிப்பவர் உண்மையில் செய்வது என்ன? நம்மைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கின்றாரா?

அறிவின் வகை ஐந்து என நம் பெரியோர் வகுத்துள்ளனர்: மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம். பிறர் உள்ளத்தில் உள்ளதை அறியும் மனப்பரியய ஞானம் தவத்தில் மேம்பட்ட முனிவர்க்கே வாய்ப்பது. அனைத்தையும் ஒருங்கே அறிவது கேவலியின் ஞானம். வாயிலில் காக்கி உடையில் நிற்கும் இளைஞருக்கோ கண்ணும் காதும் கையும் தரும் அறிவும், பயிற்சியில் கற்ற அறிவுமே உண்டு. எதிரில் வருபவர் நல்லவர் என்று அவர் எவ்வாறு அறிவார்? அறிய இயலாததை அறிந்ததாகப் பாவித்து, முகத்தைக் கண்டு ஒருவரை விடுவதும் ஒருவரைத் தடுப்பதும் அன்றோ பிழை? பையைத் திறந்து பார்ப்பதன் பொருள், “நீ தீயவன்” என்பதன்று; “உன் உள்ளம் எனக்குத் தெரியாது” என்பதே. ஒருவரை ஐயுறுதல் வேறு. தன் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளுதல் வேறு.

இதனை நம் அடுக்களையிலேயே காணலாம். நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுதல் நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். அவ்வாறு வடிகட்டும்போது நீரின்மேல் நாம் குற்றம் சாட்டுகின்றோமா? இல்லை. அதில் நுண்ணுயிர் உண்டா இல்லையா என்று நம் கண் காணாது; காணாத கண்ணை நம்பி ஓர் உயிரைப் போக்கிவிடக் கூடாது என்றே துணி இடுகின்றோம். தெளிந்த நீராயினும் இடுகின்றோம். நேற்று வடித்தபோது ஒன்றும் இல்லை என்பதற்காக இன்று விட்டுவிடுவதில்லை. முனிவர் நான்கு முழம் நிலத்தை நோக்கியே அடி வைப்பதும், பீலியால் வருடியே அமர்வதும் இதே கருத்தால்தான். தம் கவனக் குறைவையே அவர்கள் அஞ்சுகின்றனர், மண்ணை ஐயுறவில்லை.

நற்காட்சியின் அங்கங்களுள் முதலாவது ஐயமின்மை அன்றோ, ஐயத்தின்மேல் எழுந்த இந்த ஏற்பாட்டை எங்ஙனம் ஏற்பது என்று கேட்போர் உளர். ஐயமின்மை என்பது மெய்ப்பொருளில் கொள்ளும் உறுதி. வழியில் கிடக்கும் உரிமையாளர் இல்லாப் பெட்டியையும் நம்பு என்று அது சொல்லவில்லை. உயிர் எல்லாம் ஒத்த மதிப்புடையன என்பதில் ஐயமின்றி இருப்பவரே, அவ்வுயிரைக் காக்கும் செயலில் மிக விழிப்பாகவும் இருப்பார்.

அன்பு நெருக்கத்தை நாடும். காவல் இடைவெளியை நாடும். இவ்விரண்டும் மோதிய கொடிய இரவு ஒன்றைத் தமிழகம் கண்டது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் மாலையுடன் நெருங்கியவளின் உடையினுள் குண்டு இருந்தது. ராஜீவ் காந்தி மட்டுமன்றி, காவல் பணியில் நின்றோர் உள்ளிட்ட பலரும் அங்கு மாண்டனர். பாதுகாப்பில் நேர்ந்த குறைகளை ஆராயவே நீதிபதி வர்மா தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. மக்களிடம் நெருங்கி நிற்க விரும்புவது தலைவர்க்குக் குணமே. ஆனால் அந்நெருக்கத்திற்கு விலை கொடுத்தவர்களுள், அதனை விரும்பலாமா வேண்டாமா என்று கேட்கப்படாதவர்களும் இருந்தனர். தன் உயிரைப் பொருட்படுத்தாமை வீரமாகலாம். அருகில் நிற்பவர் உயிரைப் பொருட்படுத்தாமை வீரமாகாது.

சோதனை தேவை என்பது இதுவரை பெறப்பட்டது. அது எவ்வாறு நிகழ வேண்டும் என்பதில்தான் அறத்தின் நுட்பம் இருக்கின்றது.

பள்ளியில் தேர்வு மேற்பார்வை செய்த ஆண்டுகளில் நான் கண்டது ஒன்று. அறைக்குள் நுழையும் மாணவியர் அனைவரையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தால் ஒருத்தியும் முகம் வாட மாட்டாள். தோழியருடன் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து காட்டுவாள். ஒருத்தியை மட்டும் பெயர் சொல்லி எழுப்பினால், அவளிடம் ஒரு துண்டுத்தாளும் இல்லையென்றாலும், அன்று அவளால் தேர்வெழுத இயலாது. சோதனையில் உள்ள அவமானம் பெரும்பாலும் பாகுபாட்டிலிருந்தே பிறக்கின்றது. பெயரையும் மதத்தையும் உடையையும் தோலின் நிறத்தையும் கண்டு தனியே நிறுத்துவது காவல் ஆகாது. அது ஒரு தீர்ப்பு.

இக்கருத்துடன் அப்துல் கலாம் அவர்களின் நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். முன்னாள் குடியரசுத் தலைவர் என்ற முறையில் நம் நாட்டு விதிப்படி அவருக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆயினும் 2009 ஏப்ரலில் டெல்லியில் அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் அவரைச் சோதித்தனர். அவர் முறையிடவில்லை. பின்னர் ஜூலையில் செய்தி வெளிவந்து நாடாளுமன்றம் கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பதவிக்கு உரிய மரியாதையைக் காப்பது அரசின் கடமை. ஆனால் வரிசையில் நின்ற அம்மனிதரின் அமைதி, அம்மரியாதையைவிட உயர்ந்தது என்றே நான் கருதுகின்றேன். விலக்குப் பட்டியல் நீளும் அளவுக்கு, வரிசையில் நிற்பவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணம் வளரும்.

ஆயினும், எல்லார்க்கும் ஒரே முறை என்பது எல்லார்க்கும் ஒரே சுமை ஆகாது. விபத்தில் காலிழந்து, செயற்கைக் காலுடன் மேடையேறி வென்ற நடனமணி சுதா சந்திரன், விமான நிலையந்தோறும் அக்காலைக் கழற்றிக் காட்ட நேரும் துயரத்தை 2021 அக்டோபரில் பொதுவில் எடுத்துரைத்தார்; பாதுகாப்புப் படையும் வருத்தம் தெரிவித்தது. 2010 டிசம்பரில் அமெரிக்காவின் ஜாக்சன் விமான நிலையத்தில் நம் தூதர் மீரா சங்கர், புடவை உடுத்தியிருந்ததன் காரணமாகத் தனியே அழைத்துச் சோதிக்கப்பட்டார். விதி ஒன்றாயினும், உடலும் உடையும் முதுமையும் நோயும் வெவ்வேறு. சமநிலை என்பது எல்லார் மீதும் ஒரே அளவு கையை அழுத்துவதன்று. எல்லார் மானத்தையும் ஒரே அளவு மதிப்பது. நீரை வடித்த பின் துணியில் தங்கிய உயிர்களை உதறி எறிவது நம் வழக்கமன்று. மெல்ல அலசி, வந்த நீர்நிலைக்கே அனுப்புகின்றோம். வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவரிடமும் அந்த மென்மை வேண்டும். அவருக்காகப் பொறுமை காப்பது பின்னால் நிற்கும் நம் கடமையுமாகும்.

மற்றொரு குறை, கிழிந்த துணியால் வடிகட்டுவது. பல வளாகங்களில் கதவுச் சட்டம் ஒலி எழுப்புகின்றது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பைக்குள் விளக்கை ஒருமுறை காட்டி அனுப்பிவிடுகின்றனர். மக்களுக்குச் சிரமமும் உண்டு, பாதுகாப்பும் இல்லை. மீனம்பாக்கத்தில் இல்லாமற் போனது எச்சரிக்கை அன்று. எச்சரிக்கைக்குச் செவிசாய்த்த விரைவே. கவனமின்மையாகிய பிரமாதத்தால் உயிர் போவதே இம்சை என்று நம் நூல்கள் இலக்கணம் கூறும். கொல்லும் எண்ணம் இல்லை என்பது அங்கு முழு விடையாகாது.

கேளிக்கைப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். அங்கே பையைச் சோதிப்பதைவிட ராட்டினத்தைச் சோதிப்பதே முதன்மையானது. 2016 மே மாதம் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பூங்காவில், ஊழியர்களை ஏற்றிச் சோதனை ஓட்டம் விட்டபோது ராட்டினம் ஒன்று சரிந்து ஓர் ஊழியர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். மக்கள் ஏறும் முன் சோதிக்க வேண்டும் என்பது சரியே. ஆனால் சோதிப்பவரும் ஓர் உயிரே என்பதால், முதலில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சுற்றிப் பார்த்த பின்னரே மனிதர் ஏற வேண்டும். பார்வையாளரின் பாதுகாப்பைத் தொழிலாளியின் உயிரைக் கொண்டு வாங்குதல் அறமன்று.

இனி, இல்லறத்தாராகிய நம் பங்கு யாது? பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் கொள்வது ஐந்து சமிதிகளுள் ஒன்று. துறவியர்க்கு உரியதாயினும், அதன் சிறு பகுதியை நாமும் மேற்கொள்ளலாம். பொது இடத்தில் பையை வைத்துவிட்டு அகலாதிருத்தல் வேண்டும். வெளிநாடு செல்லும்போது, “என் மகனிடம் இதைச் சேர்த்துவிடுங்கள்” என்று யாரேனும் ஒட்டிய பொட்டலம் ஒன்றைத் தந்தால், அவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து எடுத்துச் செல்ல வேண்டும். பிரிக்க உடன்படாவிடில் பணிவுடன் மறுக்க வேண்டும். பெட்டியைத் தாமே அடுக்கினீர்களா என்று நிலையத்தில் கேட்கும்போது நாம் சொல்லும் விடை வாய்மை விரதத்துக்கு உட்பட்டது. அறியாத பொட்டலத்தைச் சுமந்துகொண்டு ‘ஆம்’ என்பது பொய்யே. விளையாட்டுக்கும் வரிசையில் ‘குண்டு’ என்னும் சொல்லைக் கூறலாகாது என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும்.

திரைமறைவில் நாள் முழுதும் நின்று, முன்பின் அறியாத பெண்களைத் தொட்டுச் சோதிக்கும் அந்தக் காவற்பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேரில் ஒருவரேனும் அவள் முகத்தை நோக்கி ஒரு நல்ல சொல் சொல்வதில்லை. வைகறையில் வீட்டு வேலையை முடித்து, பேருந்து ஏறி வந்தவளாக அவள் இருக்கலாம். அவள் நம்மை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், முதலில் அவளை ஒரு மனிதப் பிறவியாக மதித்தோமா?

வாயில்தோறும் சோதனை நிகழும் உலகம் நாம் விரும்பிய உலகமன்று. கதவைத் தாழிடாது உறங்கிய ஊர்களை நம்மில் பலர் அறிவோம். அந்நாள் மீள வேண்டும் என்றே வேண்டுகின்றோம். அதுவரை நாம் காக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. விழிப்பு கையிலும் கண்ணிலும் இருக்கட்டும். பகை உள்ளத்தில் நுழையாதிருக்கட்டும். பக்கத்தில் அமர்ந்த அயலானை அச்சத்தோடு நோக்கத் தொடங்கிவிட்டால், குண்டு வைத்தவன் வெடிக்காமலே வென்றவன் ஆவான். பையைத் திறந்து காட்டுவோம், மனத்தை மூடிக்கொள்ளாதிருப்போம். அதுவே இக்காலத்துக்கு ஏற்ற அகிம்சை.